மாணவர் எடுக்கும் காணொளிக்கு மதிப்பெண் போடலாமா? எட்டாம் வகுப்பு அறிவியல் – விவாத இழை

கேள்வி – 19 ஜூன் 2024

எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே போடும் மதிப்பெண்) சார்ட், ஆல்பம், மாடல் என்று வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. பாதி கடையில் வாங்கியது, மீதி வீட்டில் அக்கா செய்து கொடுத்தது. இதற்குப் பதில் பிள்ளைகளே ஒரு காணொளி எடுத்துத் தரட்டும் என்று சொல்லலாமா? எங்கள் ஸ்டாஃப் ரூமில், "நல்ல போன் இருக்கிறவனுக்கும் எடிட்டிங் தெரிந்தவனுக்கும்தான் மார்க் போகும், அறிவியல் எங்கே வரும்?" என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

20 ஜூன் 2024

வாங்கலாம். நான் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் சில ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்லும் பயம் நியாயமானது. அதனால் எடிட்டிங்கையே நிறுத்திவிடுங்கள். ஒரே டேக். போனை அசையாமல் ஓரிடத்தில் சாய்த்து வைத்து, ரெக்கார்டு பட்டனைத் தொட்டு, சோதனையைச் செய்துகொண்டே பேசி, முடித்து நிறுத்த வேண்டும். இசை, எழுத்து, ஸ்டிக்கர் எதுவும் கூடாது. இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கையும் பொருளும் தெரிந்து, குரல் கேட்டால் போதும்.

இதற்கு மதிப்பெண் போட இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோதே வளரறி (அ) 20, வளரறி (ஆ) 20, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி 60 என்று பிரித்துவிட்டார்கள். (அ) என்பது செயல்பாட்டுக்கு, (ஆ) சிறு எழுத்துத் தேர்வுக்கு. என்ன செயல்பாடு என்பதை ஆசிரியர் முடிவு செய்துகொள்ளலாம். சார்ட்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாமே பழக்கிக்கொண்டோம்.

20 ஜூன் 2024, இரவு

போன் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். என் வகுப்பில் போன் என்றால் பெரும்பாலும் அப்பாவுடையது, அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். சில வீட்டில் அதுவும் கிடையாது. அதனால் வீட்டில் எடுத்து வா என்று சொல்வதில்லை. நால்வர் கொண்ட குழு, பள்ளியில், என் போன். ஒரு குழு எடுக்கும்போது மற்றவர்கள் தங்கள் சோதனையை ஒத்திகை பார்ப்பார்கள். இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் கிடைத்தால் முடிந்துவிடும்.

யாருடைய போன் நல்ல போன் என்ற பேச்சே இதில் எழாது.

22 ஜூன் 2024

"நாற்பது பேர் காணொளியையும் உட்கார்ந்து பார்க்க நேரம் ஏது?" என்று ஒருவர். கணக்குப் பாருங்கள். நாற்பது பேர், நால்வர் வீதம் பத்துக் குழு, குழுவுக்கு இரண்டு நிமிடம். மொத்தம் இருபது நிமிடம். இருமுறை பார்த்தாலும் ஒரு பீரியட்டுக்குள் முடியும். நாற்பது ஆல்பத்தைப் புரட்டி, யார் ஒட்டியது என்று ஊகித்து மார்க் போடுவதைவிட இது குறைந்த வேலை.

23 ஜூன் 2024

பதில் எழுதிய பலரும் ஊரடங்கு காலத்துக் காணொளிகளை நினைத்துப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. 2020, 21இல் வாட்ஸ்அப்பில் வந்தவை எனக்கும் நினைவிருக்கிறது. பிள்ளை கேமராவைப் பார்த்து ஒளிச்சேர்க்கை பற்றிச் சொல்லும். ஆனால் கண் மட்டும் இடமிருந்து வலமாக ஓடும், வரி முடிந்ததும் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். போனுக்குப் பின்னால் அம்மா தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சிலது "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், வெல்கம் டு மை சேனல்" என்று ஆரம்பித்து "மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று முடியும். நடுவில் இருக்கும் அறிவியல் பாடப்புத்தகத்தின் பத்தி, அட்சரம் பிசகாமல்.

அதையும் காணொளி மதிப்பீடு என்றுதான் சொன்னோம். நான் சொல்வது வேறு. முகம் வேண்டாம் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். முகம் இல்லையென்றால் பிள்ளை தாளைப் படிக்காது என்று இல்லை. ஆனால் கை வேலை செய்துகொண்டிருக்கும்போது தாளைப் பார்த்துப் படிப்பது கஷ்டம். தண்ணீர் ஊற்ற வேண்டும், டம்ளரைக் கவிழ்க்க வேண்டும், அதே நேரம் பேச வேண்டும். மனப்பாடம் அங்கே அறுந்துவிடும். அப்புறம் வருவதுதான் அந்தப் பிள்ளையின் சொந்தப் பேச்சு.

7 ஜூலை 2024

போன வருடக் காணொளி ஒன்றைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன். நான் இதை விடாமல் செய்வதற்கு அதுதான் காரணம்.

தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பது. எல்லோருக்கும் தெரிந்த சோதனை. சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது" என்று தலைமுறை தலைமுறையாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம்.

செய்தது வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கும் பெண். தெளிவான குரல். "நீர்மட்டம் டம்ளரின் ஐந்தில் ஒரு பங்குக்கு உயர்வதைக் காண்கிறோம்" என்கிறாள். திரையில் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு ஏறி நிற்கிறது. குரல் ஒன்று சொல்கிறது, படம் இன்னொன்றைக் காட்டுகிறது. தேர்வுத் தாளில் எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். தாளில் டம்ளர் இல்லையே.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு, அவளிடமே போனைக் கொடுத்து, "பேச்சே கேட்காத மாதிரி பார், என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்" என்றேன். முதல் தடவை ஒன்றும் இல்லை என்றாள். இரண்டாம் தடவை, "மிஸ், டம்ளரை வைக்கும்போது ஓரத்துல குமிழி வெளிய போகுது" என்றாள். விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தாள். அப்புறம் குழு முழுவதும் போன் மேல் கவிழ்ந்துவிட்டது. அடுத்ததைக் கண்டுபிடித்தவன் வேறு பையன்: சுடர் எரியும்போது தண்ணீர் ஏறவே இல்லை, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது.

ஆக்சிஜன் எரிய எரியக் குறைகிறது என்றால் தண்ணீரும் எரிய எரிய ஏற வேண்டும் அல்லவா? ஏன் அணையும்வரை காத்திருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை, அந்தக் குழுதான்.

7 ஜூலை 2024, தொடர்ச்சி

விளக்கம் தெரியாதவர்களுக்காக. சுடர் சூட்டில் டம்ளருக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஒரு பகுதி குமிழியாக வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. தண்ணீர் ஏறுவதற்குப் பெரும் காரணம் இதுதான்.

இதைச் சோதிக்க அவர்களே ஒரு வழி சொன்னார்கள்: ஒரே டம்ளர், உள்ளே மூன்று மெழுகுவர்த்தி. டம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான், ஆகவே தண்ணீரும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடுதலாக ஏறியது. அதையும் ஒரே டேக்கில் எடுத்தார்கள். அந்த இரண்டாவது காணொளியில் அந்தப் பெண்ணின் பேச்சில் நிறைய "இல்ல, இருங்க", "மறுபடியும் சொல்றேன்" வருகிறது. முதல் காணொளியைவிடக் கரடுமுரடாகத்தான் இருக்கும். நான் அதற்குத்தான் பத்துக்குப் பத்து போட்டேன்.

9 ஜூலை 2024

"ஆக்சிஜன் தீர்வது உண்மைதானே, முழுக்க மறுக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "நீராவியை விட்டுவிட்டீர்கள்" என்று இன்னொருவர். இரண்டாவது சரியான சேர்க்கை. எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராவதும் கணக்கில் வரும்.

முதல் கேள்விக்கு எண்களிலேயே பதில் சொல்லலாம். பாரஃபின் மெழுகுக்கு 25 கார்பன், 52 ஹைட்ரஜன் கொண்ட மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அது முழுதாக எரிய 38 பங்கு ஆக்சிஜன் வேண்டும். 25 பங்கு கார்பன் டைஆக்சைடு வெளிவரும். நீராவி முழுவதும் நீராகிவிட்டது என்றே வைத்தாலும் குறைவது 13 பங்குதான். காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜனும் தீர்ந்தாலே கன அளவு சுமார் 7 சதவீதம்தான் குறையும். அதுவும் தீராது. ஆக்சிஜன் சுமார் 16 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். ஆகவே உண்மையான குறைவு 2 சதவீதத்துக்குள். கார்பன் டைஆக்சைடு தண்ணீரில் கரைவது கொஞ்சம் உண்டு, ஆனால் அது மெதுவாக நடப்பது. மூன்றில் ஒரு பங்கு ஏறியதை இது எதனாலும் விளக்க முடியாது.

எட்டாம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். குமிழியும், அணைந்த பிறகு ஏறுவதும், மூன்று மெழுகுவர்த்தியும் போதும்.

10 ஜூலை 2024

சுவையான ஒரு தகவல். இந்தச் சோதனை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபிலோ எழுதி வைத்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக மனிதர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பின்னுக்குத் தள்ளிப் பார்க்கும் வசதி நம் பிள்ளைகளுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

14 ஜூலை 2024

"இதற்கெல்லாம் ஆய்வு ஏதாவது உண்டா, அல்லது உங்கள் அனுபவம் மட்டும்தானா?" நல்ல கேள்வி.

நெதர்லாந்தில் வின்சென்ட் ஹோகர்ஹைடேயும் சக ஆய்வாளர்களும் 2014 முதல் இதைப் பார்த்து வருகிறார்கள். பாடத்தைப் படித்துவிட்டு, எதிரே யாரும் இல்லாமல், கேமராவைப் பார்த்து இன்னொரு மாணவனுக்கு விளக்குவது போலப் பேச வைத்தார்கள். 2016இல் வந்த ஆய்வில் ஒரு குழு கேமராவில் விளக்கியது, இன்னொரு குழு அதையே எழுதி விளக்கியது, மற்றொரு குழு பாடத்தைத் திரும்பப் படித்தது. கேமராவில் விளக்கியவர்களுக்குக் கற்றலில் பலன் இருந்தது. எழுதி விளக்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பார்க்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு பேசும்போது வருகிறது, எழுதும்போது அவ்வளவாக வருவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். என் வகுப்பில் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில். வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில் கேரி ஹோபன் ஆசிரியப் பயிற்சி மாணவர்களை வைத்து 'ஸ்லோமேஷன்' என்ற முறையை வளர்த்தார். களிமண், காகிதம், காய்கறி எதையாவது வைத்து மாதிரி செய்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் புகைப்படம் எடுத்து, நொடிக்கு 2 படம் வீதம் ஓட்டி, மேலே குரல் கொடுப்பது. சினிமாவுக்கு நொடிக்கு 24 வேண்டும். இதற்கு இரண்டே போதும் என்பதால் பள்ளியில் செய்ய முடிகிறது. முதலில் குறிப்பு, அப்புறம் காட்சி வரிசை, அப்புறம் மாதிரி, படங்கள், கடைசியில் குரல். ஒரே கருத்தை ஐந்து வடிவத்தில் மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருப்பதுதான் அதன் பலம் என்கிறார் அவர்.

15 ஜூலை 2024

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் காணொளி என்றாலே கற்றல் என்று ஆகிவிடும். யூடியூபில் வெரிட்டாசியம் நடத்தும் டெரெக் முல்லர் 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது இந்தத் துறையில்தான். இயற்பியல் கருத்தை நேராக, தெளிவாக விளக்கும் காணொளியைப் பார்த்த மாணவர்கள் "தெளிவாக இருந்தது" என்று பாராட்டினார்கள், ஆனால் தேர்வில் பெரிய முன்னேற்றம் இல்லை. தவறான எண்ணத்தை முதலில் சொல்லி, பிறகு அதை உடைத்துக் காட்டிய காணொளியைப் பார்த்தவர்கள் "குழப்பமாக இருந்தது" என்றார்கள். ஆனால் அவர்கள்தான் அதிகம் கற்றார்கள்.

பார்ப்பவருக்கே இப்படி என்றால், தெளிவாகப் பேசிய காணொளிக்கு நாம் மார்க் அள்ளிப் போடுவதை யோசிக்க வேண்டும். "பேச்சுத் தெளிவு" என்ற தலைப்பையே நான் மதிப்பெண் பட்டியலில் வைப்பதில்லை.

21 ஜூலை 2024

எப்படிப் பிரித்துப் போடுகிறேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பத்துக்கு. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறதா என்பதற்கு 4. இதில்தான் நான் கறார். "நிறம் மாறுகிறது" என்றால் எதிலிருந்து எதற்கு, எங்கிருந்து ஆரம்பித்தது என்று வர வேண்டும். ஏன் அப்படி என்ற விளக்கத்துக்கு 2. சோதனையில் ஏதாவது ஒன்றை மாற்றிச் செய்து பார்த்ததற்கு 2. கடைசி 2, காணொளி முடிந்த பிறகு நான் கேட்கும் ஒரு கேள்விக்கு, குழுவில் யாரைக் கேட்பேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல்.

விளக்கத்துக்கு ஏன் இரண்டே என்றால், விளக்கம் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தொகுத்தறி 60இல் கேட்டுக்கொள்ளலாம்.

21 ஜூலை 2024, மாலை

இல்லை, அந்தக் கடைசி இரண்டு மதிப்பெண்ணைக் குழுவுக்குப் பொதுவாகப் போட வேண்டாம். கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளைக்கு மட்டும் போட்டு, மற்ற மூவரையும் அடுத்த வாரத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுவிடுங்கள். நடக்கும்போது, சாப்பாட்டு நேரத்தில், எப்போதாவது. அரை நிமிட வேலை. பொதுவாகப் போட்டால் ஒருவன் உழைப்பில் மூவர் ஏறிக்கொள்வார்கள், அது சார்ட் காலத்துப் பழக்கம்.

4 ஆகஸ்ட் 2024

எரிமலை வேண்டாம். தயவுசெய்து. சமையல் சோடா, எலுமிச்சை, சிவப்புச் சாயம், நுரை, கைதட்டல். எல்லாப் பள்ளியிலும் எல்லா அறிவியல் கண்காட்சியிலும் பார்த்தாயிற்று. அது எரிமலை வேலை செய்யும் விதத்தைக் காட்டுவதும் இல்லை. அதே சோடாவையும் எலுமிச்சையையும் வைத்து, வரும் வாயுவை பலூனில் பிடித்து, எலுமிச்சைச் சாற்றை இரட்டிப்பாக்கினால் பலூன் என்ன ஆகிறது என்று எடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

5 ஆகஸ்ட் 2024

பாதுகாப்பு பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம். நெருப்பு சம்பந்தப்பட்டது எதுவும் வீட்டில் கூடாது. பள்ளியில்தான், நான் பக்கத்தில் நிற்கும்போதுதான், பின்னலைப் பின்னால் கட்டி, துப்பட்டாவை முடிந்துகொண்டுதான். இலையிலிருந்து பச்சையம் நீக்க ஆல்கஹாலைச் சூடாக்குவதைப் பிள்ளைகளிடம் விடவே வேண்டாம், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதை ஆசிரியர் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, சுடர் இல்லாமல் செய்து காட்டலாம். அயோடின் விடும் கட்டத்திலிருந்து பிள்ளைகள் படம் எடுக்கட்டும்.

கேமரா ஓடுகிறது என்றால் பிள்ளைகளுக்குத் துணிச்சல் கூடும். இதை மறக்க வேண்டாம்.

18 ஆகஸ்ட் 2024

பெண் பிள்ளைகளின் பெற்றோர் தயங்குவார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். தயங்கத்தான் செய்வார்கள், தயங்குவது சரியும்கூட. முகம் வேண்டாம் என்பதன் முக்கியக் காரணமே இதுதான். காணொளியை யூடியூபில் போடுவதில்லை, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை, ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. என் போனிலிருந்து பள்ளிக் கணினிக்கு மாற்றி, மார்க் பதிவானதும் போனில் அழித்துவிடுகிறேன். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு அம்மாவிடம் "உங்க பொண்ணு கை மட்டும்தாங்க தெரியும்" என்று நேரில் சொன்னால் அதற்குப் பிறகு யாரும் மறுத்ததில்லை.

1 செப்டம்பர் 2024

திக்கிப் பேசும் பையன் ஒருவன் என் வகுப்பில் இருக்கிறான். அவனுக்குக் குரல் கட்டாயம் இல்லை. சோதனையைச் செய்துகொண்டே, பார்த்ததைச் சிறு சிறு அட்டைகளில் எழுதி கேமரா முன் வைத்துக்கொண்டு போனான். நிலைமின் சோதனை, சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுப்பது. அட்டை ஒன்றில் "சில துணுக்கு ஒட்டியது. சில ஒட்டிவிட்டுத் தானாகத் தெறித்தது" என்று எழுதியிருந்தான். ஒட்டியது தெறிப்பதை நான் கேட்ட எந்தக் குழுவும் சொல்லவில்லை. ஒட்டிய துணுக்கு சீப்பின் மின்னூட்டத்தையே தானும் பெற்று விலகுகிறது. பாடத்தில் அடுத்த பக்கம் அதுதான். அவனை வைத்தே அந்தப் பக்கத்தை ஆரம்பித்தேன்.

அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று பொதுவாக்கிவிட்டேன்.

29 செப்டம்பர் 2024

காலாண்டு விடுமுறைக்கு மட்டும் வீட்டு வேலை: முளைகட்டும் பயறு. ஈரத்துணியில் வைத்து, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம். படங்களை நான் பள்ளியில் சேர்த்து ஓட்டிக் காட்டுவேன். மேலே சொன்ன ஸ்லோமேஷன் போலத்தான், குரல் வகுப்பில் கொடுப்பார்கள். போன் கிடைக்காதவர்கள் நோட்டில் வரையலாம், வரைந்ததைப் படம் எடுத்துச் சேர்த்துவிடுவேன். ஓடும்போது அதுதான் அழகாகவும் இருக்கும்.

ஒரு பையன் படத்துக்குப் பதில் தினமும் குட்டிக் குட்டிக் காணொளியாக எடுத்துவிட்டான். ஒவ்வொன்றிலும் பின்னால் அவன் பாட்டி. முதல் நாள்: "அந்தப் பயறை எதுக்குடா போட்டோ புடிக்குற, சுண்டலுக்கு வச்சிருந்தது." கடைசி நாள்: "இன்னிக்கு ரெண்டு இலை வந்துருக்கு பாரு, அதைச் சொல்லு." வகுப்பே கைதட்டியது பாட்டிக்குத்தான்.

6 அக்டோபர் 2024

ஒன்பதாம் வகுப்பு எடுக்கும் ஒருவர், இயக்கம் பற்றிய பாடத்தில் என்ன செய்யலாம் என்றார். அங்கே காணொளியே அளவுகோல் ஆகிவிடும். சாதாரணப் போன் நொடிக்கு 30 படம் எடுக்கிறது. சுவரில் ஒரு மீட்டர் குறித்து, பந்தை விட்டு, எடுத்ததை ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் விழ சுமார் 0.45 நொடி, பதின்மூன்று, பதினான்கு படங்கள் வரும். 9 படத்தில், அதாவது 0.3 நொடியில், 44 செ.மீ. அருகே இருக்கும். முதல் பாதி நேரத்தில் கொஞ்சம், மறுபாதியில் நிறைய விழுவதைக் கண்ணால் பார்ப்பார்கள். முடுக்கம் என்ற சொல்லை அதற்கப்புறம் சொன்னால் போதும்.

சில போன்கள் வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு எடுக்கும் படங்களையும் குறைத்துக்கொள்ளும். வெயில் வெளிச்சத்தில், வராந்தாவில் எடுங்கள். கணினி ஆய்வகம் இருந்தால் 'ட்ராக்கர்' என்ற இலவச மென்பொருளில் இதை வரைபடமாகவே போடலாம்.

20 அக்டோபர் 2024

"இப்போதெல்லாம் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடுகிறதே?" என்று கேட்டவருக்கு. எழுதிக் கொடுக்கும். விளக்கத்தை அழகாகவே எழுதிக் கொடுக்கும். ஆனால் இந்த டம்ளரில், இன்றைக்கு, எத்தனை விரற்கடை தண்ணீர் ஏறியது என்று அதற்குத் தெரியாது. நான்கு மதிப்பெண் அதற்குத்தான். ஆல்பமும் ப்ராஜெக்ட் நோட்டும்தான் இனிமேல் நிற்காது.

10 நவம்பர் 2024

செய்முறைத் தேர்வு பற்றிய சண்டை தொடங்கியிருப்பதால் என் பங்குக்கு. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்து 75, செய்முறை 25. அந்த 25 எப்படிப் போடப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், இங்கே யாரையும் சுட்ட விரும்பவில்லை. அதற்குப் பதில் காணொளியை வைக்கலாம் என்று ஒருவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பியூரெட்டைக் கையில் பிடித்துப் பழகாத பிள்ளை அதைப் படம் எடுத்தும் பழகாது. முதலில் கை. காணொளி கை செய்ததைத் திரும்பிப் பார்ப்பதற்கு. ஆய்வகம் இல்லாத குறையை மூட இதைப் பயன்படுத்தினால் நான் இந்த இழையில் எழுதியதையெல்லாம் எனக்கு எதிராகவே காட்டலாம்.

ஆறு முதல் எட்டு வரை 2022இல் வந்த வானவில் மன்றம் நல்ல வாய்ப்பு. கருத்தாளர் வந்து எளிய பொருட்களில் சோதனை செய்து காட்டுகிறார். அவர் போன அடுத்த நாள் பிள்ளைகள் அதையே தங்கள் கையால் செய்து, ஒன்றை மாற்றி, ஒரே டேக்கில் எடுக்கட்டும்.

8 டிசம்பர் 2024

பருவ காலங்கள் பற்றிக் காணொளி கேட்டால் எல்லாரும் ஒரே தவறைத்தான் சொல்கிறார்கள் என்று எழுதிய ஆசிரியருக்கு: உங்கள் பிள்ளைகள் தனியாக இல்லை. 1987இல் ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் கேமராவோடு போய், கோடையும் குளிரும் ஏன் வருகின்றன, நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்ற இரண்டில் ஒன்றை 23 பேரிடம் கேட்டார்கள். 21 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அங்கியும் தொப்பியுமாக நின்று, பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை என்கிற மாதிரி அழகாக விளக்கினார்கள் சிலர். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். மார்கழிப் பனியில் நம் பிள்ளைகளிடம் இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு, "இப்ப உன் காணொளியை நீயே பார்" என்று கொடுத்துப் பாருங்கள். பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம் என்பது அப்புறம் வரட்டும்.

அந்த முதல் காணொளிக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். தான் நினைத்ததைச் சொன்னதற்கு வெட்டினால் அடுத்த முறை புத்தகத்தைத்தான் ஒப்பிக்கும்.

19 ஜனவரி 2025

பயன்படும் இன்னொரு வழி. மெழுகுவர்த்திக் குழுவிடமும் வீட்டிலும் கேட்டுக்கொண்டு, அந்த முதல் காணொளியை இந்த வருட எட்டாம் வகுப்புக்கு வளரறி (ஆ)வில் கேள்வியாகவே வைத்தேன். பள்ளி ஸ்மார்ட் போர்டில் இருமுறை ஓட்டினேன், ஒருமுறை சத்தத்தோடு, ஒருமுறை இல்லாமல். கேள்வி ஒன்றுதான்: "பேச்சில் சொல்வதும் படத்தில் தெரிவதும் எங்கே ஒத்துப்போகவில்லை? எந்த நேரத்தில் என்று குறிப்பிடு." அரைப் பக்கத்துக்குள் பதில்.

பலர் நீர்மட்டத்தைப் பிடித்துவிட்டார்கள். குமிழியைப் பிடித்தவர்கள் குறைவு. ஒரு பெண், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், டம்ளரின் உள்பக்கம் மேலே பனி போலப் படிகிறது, அதைப் பற்றி அக்கா பேசவே இல்லை என்று எழுதியிருந்தாள். ஜூலையில் இங்கே ஒருவர் சேர்த்த அதே நீராவி.

அந்தக் கேள்வித்தாளையும் மதிப்பெண் பிரிப்பையும் கேட்டவர்களுக்கு: திருத்தும்போது நேரத்தைக் குறிப்பிட்டதற்கு 2, முரண்பாட்டைச் சொன்னதற்கு 3 என்று ஐந்துக்குப் போட்டேன். காரணம் கேட்கவில்லை. காரணத்தை மூன்றாம் பருவத்தில் அவர்களே மூன்று மெழுகுவர்த்தி வைத்து எடுக்கட்டும்; பிப்ரவரி முதல் வாரம், இரண்டு பீரியட் சேர்ந்த வெள்ளிக்கிழமைக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.